கலைந்த அணிகள்

என் எழுதுமேசையின் கண்ணாடிக்கு அடியில் நாளிதழ்த் துண்டு ஒன்று பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. 2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை இதழிலிருந்து நானே கத்தரித்து வைத்தது. தாள் மஞ்சளித்துவிட்டது. கோப்பையைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் இளைஞர் கூட்டம் ஒன்று அதில் மங்கலாகத் தெரிகிறது. வீட்டிற்கு வருவோர் அதைப் பார்த்து, "யார் இவர்கள்? நம் காரைக்கால் பிள்ளைகளா?" என்று கேட்பதுண்டு. "இல்லை, சென்னை சிட்டி என்றோர் அணி. கால்பந்தில் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை வென்றவர்கள்" என்பேன். அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "இப்போது எங்கே ஆடுகிறார்கள்?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, எனக்கே சொந்தமான வேறொரு கணக்கும் உடன் வந்து நின்றுவிட்டது.

காரைக்காலில் பிறந்தவனுக்குக் கால்பந்து ஓரளவு பிதிரார்ஜிதம் என்றே சொல்லலாம். என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் பணிசெய்து, கடைசி மூச்சுவரை பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கியவர். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி இவ்வூரைவிட்டு நீங்கியது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றது. அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. அவர் மகனாகிய என் அண்ணன் இன்றும் பாரீசின் புறநகர் ஒன்றில் இருக்கிறார். என் தந்தையோ இங்கேயே தங்கிவிட்டார். 1998 ஜூலையில் பிரான்சு நாடு பிரேசிலை மூன்று கோல்களால் வென்று உலகக் கோப்பையை எடுத்தபோது, நடு இரவு தாண்டி எங்கள் தெருவில் சிலர் வெடி கொளுத்தினார்கள். விவரம் அறியாத அண்டை வீட்டார் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சூட்டிலேதான் பங்கின் இளைஞர்களைக்கொண்டு நான் ஓர் அணியைத் தொடங்கினேன். பங்கு அணி என்பது பெயரளவில்தான். கிளிஞ்சல்மேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர், கடைத்தெருவிலிருந்து இரு முகமதியச் சகோதரர்கள், வயற்புறத்துப் பிள்ளைகள் சிலர், எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலிருந்து மீதிப்பேர். நான் பள்ளி ஆசிரியன். எனக்குத் தெரிந்த கால்பந்து, ஊதலும் காற்றடிக்கும் பம்பும் வாங்கித் தருகிற அளவுக்குத்தான். அணி பெரிதாக எதையும் வென்றுவிடவில்லை. இரண்டு சுழற்கேடயங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை மறு ஆண்டே திருப்பிக் கொடுத்தோம்.

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. வடபிரான்சின் கடற்கரையிலே காலே என்றொரு துறைமுக ஊர். அவ்வூர் அணி நான்காம் படியில் ஆடுவது. துறைமுகத் தொழிலாளியும் ஆசிரியரும் வேலை முடித்து மாலையில் ஆடவரும் அணி. அதுவே பிரெஞ்சுக் கோப்பைப் போட்டியில், அரையிறுதியில் பெரும்பெயர் பெற்ற போர்தோ அணியையும் வீழ்த்தி, இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. மே 7 அன்று பாரீசின் பெரிய அரங்கில் நாந்த் அணியுடன் ஆட்டம். முதற்கோல் காலேயினுடையது. பிறகு நாந்த் சமன்செய்து, கடைசி நிமிடத்துப் பெனால்டியில் வென்றது. ஆனால் வென்ற அணியின் தலைவன், தோற்ற அணியின் தலைவனைக் கைபிடித்து அழைத்துவந்து, இருவருமாகக் கோப்பையைத் தூக்கினார்களாம். "காலேயும் காரைக்காலும் பேரில்கூட ஒட்டுறவுடா தம்பி, உன் பிள்ளைகளுக்குச் சொல்லு" என்றார் அண்ணன். சொன்னேன். அந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் தங்களைக் 'காலே' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

கோப்பையில் பாதியைத் தூக்கிய அந்தக் காலே கழகம் 2017-இல் கடன் சுமையால் நீதிமன்றத்தின் வழியாகக் கலைக்கப்பட்டுவிட்டது. இதையும் அண்ணன்தான் சொன்னார். அப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

இனிச் சென்னை சிட்டிக்கு வருகிறேன். அந்தக் கழகம் தன் பூர்வீகத்தை 1946-இல் தோன்றிய நேதாஜி விளையாட்டுக் கழகத்திலிருந்து கணக்கிடும். நெடுங்காலம் அது சென்னை உள்ளூர்ப் போட்டிகளைத் தாண்டாத ஒன்று. நம் நாட்டுக் கழகங்களுக்கிடையே தேசிய அளவில் லீக் முறை 1996-இல் தொடங்கி, 2007-இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. தொடக்க நாட்களில் சென்னையின் இந்தியன் வங்கி அணி அந்தத் தேசிய லீக்கில் ஆடியதுண்டு. பிறகு தமிழ்நாட்டுக்கு அங்கே இடமில்லை. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. அதில் நுழைய ஆடி வெல்ல வேண்டியதில்லை. பணம் கட்டி உரிமை பெறவேண்டும். சென்னையின் எஃப்.சி. அப்படி வந்து, 2015-இலும் 2017-18-இலும் பட்டமும் வென்றது. அதன் வெளிச்சத்தில் ஐ-லீக் மெல்லமெல்லத் திண்ணைக்குத் தள்ளப்பட்டது. திண்ணைக்குப் போன அந்த வீட்டிலேதான், 2016-17 பருவத்தில், சென்னை சிட்டி வாடகைக்கு வந்ததுபோல் குடியேறியது.

முதல் இரு பருவங்களும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கழிந்தன. இரண்டாம் பருவத்திலே அணி தன் சொந்த ஆட்டங்களைக் கோயம்புத்தூரின் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றிக்கொண்டது. பெயர் சென்னை, அடுப்பெரிவது கோவை. இதைக் கேலி செய்தவர் பலர். எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. புதுச்சேரி மாநிலத்தில் இருந்துகொண்டு, நாலாபுறமும் தமிழ்நாட்டு நிலமும் வங்கக் கடலும் சூழ வாழ்கிறவனுக்கு, பெயர் ஓரிடம் பிழைப்பு ஓரிடம் என்பது புதிய செய்தி அன்று.

அந்த இரண்டாம் பருவத்தில்தான் நான் இந்த அணியை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். காரணம் மைக்கேல் சூசைராஜ் என்ற இளைஞர். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தூத்தூர்ப் பகுதியின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். அந்த மீனவ ஊர்கள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சுறாவேட்டைக்கு எவ்வளவு பெயர்பெற்றவையோ அவ்வளவு கால்பந்துக்கும் பெயர்பெற்றவை. 2017 நவம்பர் இறுதியில் பருவம் தொடங்கிய அதே வாரத்தில் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. அந்த மணலில் வளர்ந்த ஒருவர் அவ்வாண்டு முழுதும் நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்ததைக் கைப்பேசியின் சின்னத் திரையில் பார்த்தபோது என் மனம் வேறெங்கோ போயிற்று. 2018-இல் அவர் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். போனது அவர், ஒட்டிக்கொண்டது நான்.

2018-19 பருவத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்தர் கோர்தியோ, சாந்த்ரோ ரொத்ரிகஸ், ரொபெர்த்தோ எஸ்லாவா முதலியோர் வந்தார்கள். அந்நாட்டின் பெருங்கழகங்களில் பெயர் வாங்கியவர்கள் அல்லர், கீழ்ப்படிகளில் ஆடியவர்கள். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே மான்சி மூன்று கோல் அடித்தார். தமிழ்நாட்டு இளைஞர்களும் இவர்களும் சேர்ந்து ஆடியவிதம் அழகு. பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடாமல், பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பதுபோல ஒருவர் தேவையை ஒருவர் அறிந்து கொடுத்து வாங்கி ஆடினார்கள். 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். பத்தொன்பது முடிந்தபோது சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 39.

அப்போதுதான் கோவையிலிருந்து அந்த அழைப்பு வந்தது. கணபதிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில், பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் வேலையில் இருக்கிற ஒருவன். என் பழைய அணியின் வலது ஓர ஆட்டக்காரன். பெயர் வேண்டாம். "சார், சனிக்கிழமை இங்க வந்துருங்க. கடைசி ஆட்டம். டிக்கெட்டெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். அவனைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. திருநீற்றுப் புதன் முடிந்து இரண்டாம் நாள், தவக்காலத்தின் முதல் வெள்ளி. "சிலுவைப்பாதையை விட்டுட்டு இந்த வயசுல பந்து பாக்கப் போறீங்களாக்கும்" என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே கட்டுச்சோறும் கட்டிக் கொடுத்தாள். எர்ணாகுளம் வண்டியில் ஏறிப் பின்னிரவில் கோவை இறங்கினேன். நடைமேடையில் அவன் நின்றுகொண்டிருந்தான். முன்தலையில் நரை. ஓட்டத்தில் சாய்வது போலவே நடையிலும் ஒருபக்கம் சாய்ந்து வந்தான்.

மார்ச் 9 மாலை. வ.உ.சி. பூங்காவை அடுத்த அந்த அரங்கம். எதிரணி முந்தைய ஆண்டுப் பட்டம் வென்ற மினர்வா பஞ்சாப். நாங்கள் சரியாக உட்காரக்கூட இல்லை, மூன்றாம் நிமிடத்தில் மினர்வா கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் வென்று இவர்கள் சமன்செய்தாலும் பட்டம் போய்விடும். ஒரு கண் களத்தில், ஒரு கண் பக்கத்திலிருந்தவர் கைப்பேசியில். இடைவேளைக்குப்பின் மான்சி ஒரு பெனால்டியைப் போட்டுச் சமன்செய்தார். பிறகு தற்காப்பில் நிற்க வேண்டிய கௌரவ் போரா முன்னேறி வந்து இரண்டாம் கோலைப் போட்டார். கோழிக்கோட்டிலோ முதலில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் எழுந்து வந்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் 2-1 என முந்திவிட்டது. இனி மினர்வா ஒரு கோல் போட்டால் எல்லாம் பாழ். அந்தச் சில நிமிடங்களில் செபமாலையைச் சட்டைப்பைக்குள் பிடித்திருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தாட்டத்துக்கெல்லாம் பரிந்துரை கேட்கலாமா என்று பங்குத்தந்தையிடம் பிற்பாடு கேட்டேன். அவர் சிரித்ததோடு சரி. மேலதிக நேரத்தில் போராவே மூன்றாவதையும் போட்டார். 3-1. 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று தேசிய லீக்கை வென்றது அதுவே முதல்முறை. மான்சியின் கோல்கள் அந்தப் பருவத்தில் 21.

மக்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆடவில்லை. என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"சார், நம்ம டீமை ஏன் சார் விட்டீங்க?"

"அலை வந்துருச்சேப்பா."

"அலைக்கப்புறம் நாங்க ஒம்போது பேர் வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னோம். பார்க்கலாம்னு சொன்னீங்க."

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் கரையோர ஊர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கடல் எடுத்துக்கொண்டது. இந்தப் பிள்ளையின் தாயும் அதிலே போனார். எங்கள் அணியில் இருவர்; அவர்களுள் கோல் காப்பாளனும் ஒருவன். நாங்கள் ஆடிய திடலில் நிவாரணக் கூரைகள் எழுந்தன. அணி கலைந்தது அலையால்தான் என்று பதினான்கு ஆண்டுகளாக நான் எல்லாருக்கும் சொல்லிவந்தேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஆனால் கூரைகள் பிரிக்கப்பட்டுத் திடல் மீண்டும் வெறுமையானபோது அந்த ஒன்பது பேரும் வந்தது உண்மை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பந்து, மாலையில் ஒரு மணி நேரம், ஊதல் ஊதும் ஒருவன். அந்தக் கோல் கம்பங்களுக்கு நடுவே வேறொரு பிள்ளையை நிறுத்தி வைத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்களே ஒரு வழி சொல்லியிருப்பார்கள். நானோ "பார்க்கலாம்" என்றேன். இரண்டாம் முறை ஐவர் வந்தார்கள். மூன்றாம் முறை இவன் ஒருவன்.

அன்று இரவு அரங்கத்துக்கு வெளியே ஒரு கடையில் புரோட்டா தின்றோம். வேறு பேச்சுகள் பேசினோம். மறுநாள் காலையில் நாளிதழை அவனே வாங்கித் தந்தான். அந்தத் துண்டுதான் இது.

மேற்கொண்டு நடந்தவை சுருக்கமானவை. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியில் 26 விழுக்காட்டுப் பங்கு வாங்கியது. இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். அதே 2019-இலேயே, நாட்டின் முதன்மை லீக் இனிச் சூப்பர் லீக்தான் என்று முடிவாயிற்று. வென்ற கோப்பை கையில் இருக்கும்போதே அது இரண்டாம் கோப்பை ஆகிவிட்டது. மான்சி ஜப்பானுக்குப் போனார். 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்கள் போட்டியின் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் தோல்வி. மார்ச்சில் ஆசியக் கழகக் கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் ஓர் ஆட்டம் சமன். அத்தோடு கொள்ளைநோய் வந்து எல்லாக் கதவுகளையும் அடைத்தது. 2020-21 பருவம் கொல்கத்தாவில் பூட்டிய விடுதிகளுக்குள் நடந்தது. அதற்கடுத்த பருவத்துப் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அன்று கோவையில் தோற்ற மினர்வாவின் கதையையும் சொல்லவேண்டும். அது 2020-இல் கைமாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்ற பெயரில் 2022-23 ஐ-லீக்கை வென்றது. சூப்பர் லீக்குக்கு ஆட்டத்தின் வழியாகவே ஏறிய முதல் கழகமும் அதுவே. ஏணி வைக்கப்பட்ட காலத்தில் ஏறுவதற்கு அவர்கள் இருந்தார்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்று அறிந்த நாளில் எனக்கு மிகுந்த கோபம் வந்தது. உரிமையாளர்கள், சம்மேளனம், பணம், வெளிநாட்டார் என்று எல்லாரையும் மனத்துக்குள் ஏசித் தீர்த்தேன். ஒரு கடிதமும் எழுதினேன்: "ஓர் அணியை நேசித்தவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அதைக் கலைக்க எவருக்கும் உரிமை இல்லை." இந்த வரியை எழுதியபின் எழுதுகோல் நகரவில்லை. அக்கடிதத்தை நான் அனுப்பவில்லை. கோவைக்குத் தொலைபேசி செய்தேன்.

"பாத்தேன் சார், பேரு இல்ல" என்றான்.

"மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, அவங்க பெரிய கம்பெனி" என்றான். நான் சென்னை சிட்டியைப் பற்றிச் சொல்லவில்லை என்றேன். சற்று நேரம் அவன் பட்டறையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "கிறிஸ்மசுக்கு ஊருக்கு வரேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த ஆண்டு வரவில்லை. சென்ற டிசம்பரில்தான் வந்தான், ஒன்பது வயது மகனோடு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மறுநாள் மாலையில் வீட்டுக்கு வந்தார்கள். பையன் மேசைக் கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவு குனிந்து அந்தத் துண்டைப் படித்தான். "இவங்க இப்ப எங்க ஆடுறாங்க தாத்தா?" என்றான். நான் விடை தேடுவதற்குள் அவன் கண் புத்தக அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அங்கே பழைய பந்தும் காற்றடிக்கும் பம்பும் தூசியோடு இருந்தன.

பம்பை இறக்கினோம். கைப்பிடியை இழுத்தால் காற்றே பிடிக்கவில்லை. தகப்பன் அதைக் கழற்றிப் பார்த்தான். வார்ப்பு ஊற்றுகிற கையல்லவா, அரை நிமிடம் ஆகவில்லை. "தோல் வாஷர் காஞ்சு போச்சு சார், வேற ஒண்ணுமில்ல" என்றான். தேங்காயெண்ணெயில் இரவு முழுக்க ஊறப்போட்டோம். மறுநாள், டிசம்பர் 26, காலையில் மூவருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இருவர் பெயருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, பந்தில் ஊசியைச் செருகினோம். காற்று ஏறியது. பந்துதான் எங்கோ ஒரு தையலில் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பையன் அதைப் பொருட்படுத்தாமல் வெளியே எடுத்துக்கொண்டு ஓடினான். வாசலில் ஏற்கெனவே மூன்று நான்கு பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.